முழங்கால் வரை பச்சை

சுங்கைப்பட்டாணியில் பதினொன்றரைக் காட்சி விட்டு
லூனாஸ் வந்து சேர மணி ரெண்டேகால்.
மாமாக் கடையில் எங்களைத் தவிர
ஒரு செம்பனை லோரிக்காரர், ஒரு பூனை.

நாற்காலியை இழுத்த இழுப்பிலேயே தெரிந்தது
குணாளன் படத்தை மன்னிக்கவில்லை என்று.

"பூட்ஸ் வெள்ளையாம்.
எவன்டா சொன்னான் வெள்ளைன்னு?
ஆந்தைத்தலையனுக்கு முழங்கால் வரைக்கும் பச்சை.
சின்னப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

சின்னப் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை.
எங்களில் இளையவன் அப்பளசாமி.
நாற்பத்தெட்டு, ரத்தக்கொதிப்பு.
அவனுக்கு வேறு வழக்கு:
ஆந்தைத்தலையன் நடந்தால்
ஒரு சாண் தள்ளி இன்னொரு ஆந்தைத்தலையன்
வெளிறிப்போய்க் கூடவே நடப்பான்.
"அந்த ரெண்டாவது ஆளை எங்க காணோம்?
இத்தனை காசு கொட்டினவனுக்கு
ஆவியைப் பிடிக்கத் துப்பில்லயா?"

நான் என் பங்குக்குச் சொன்னேன்,
அவன் அழக்கூடாது.
படத்தில், செத்துப்போன அப்பாவின் சட்டையை மோந்து
ஏழு நிமிடம் அழுகிறான்.
எங்கள் ஆந்தைத்தலையனுக்கு அப்பா இல்லை,
சட்டையும் இல்லை,
சனிக்கிழமை ஆறு மணி மட்டும் இருந்தது.

அப்போதுதான் ஜெயசீலன் வாய் திறந்தான்.
கிராணி மகன். கலர் டிவி வீடு.
தே தாரேக்கின் நுரையை ஊதிக்கொண்டே,
"பூட்ஸ் வெள்ளைதான்.
எப்பவும் வெள்ளைதான்.
ரெண்டாவது ஆள்னு யாருமே இல்ல,
அது உங்க ஏரியல் கோளாறு."

நாற்பது வருஷம் கழித்து
லயத்துக்கும் கிராணி வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலி
மேசைமேல் வந்து நின்றது.

எங்களுடையது கார் பேட்டரியில் ஓடிய டிவி.
கறுப்பு வெள்ளை.
அதன் முகத்தில், தவமலரின் அப்பா
கூலிம் சந்தையில் நாலு வெள்ளிக்கு வாங்கி
ஒட்டிய கலர்த்தாள்:
மேலே நீலம், நடுவில் செம்மஞ்சள், கீழே பச்சை.
மரம் ஏறினால் அவன் நீலமாவான்,
அடிபட்டு விழுந்தால் பச்சையாவான்.
செய்தி வாசிக்கிற அம்மாவுக்கும் நெற்றி நீலம்.
பேட்டரி இறங்க இறங்க
படம் நாலு பக்கமும் சுருங்கும்.
எத்தனையோ எதிரிகள்
அவன் கையால் சாகவில்லை,
தபால்தலை அளவாகிச் செத்தார்கள்.

பழைய தொடரைப் போனில் தேடி எடுத்துவிட்டான் ஜெயசீலன்.
நாலு தலைகள் கூடின.
வெள்ளை பூட்ஸ்.
ஒரே ஆள்.
முதுகில் ஜிப் தெரிகிறது.
மலை, அட்டை.
யாரையோ எழுப்பிவிடப் பயந்தவன் மாதிரி
மெதுவாக உதைக்கிறான்.
லோரிக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

குணாளன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.
"இது ஒரிஜினல் இல்ல."

அதுவரை மைலோவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள் தவமலர்.
ஆறு மணிக்குக் கையுறை ஆலையில் ஷிப்ட்.
தூங்கப்போகாமல் வந்திருந்தாள்.

"நான் ஒருநாள் அந்தத் தாளை உரிச்சுப் பார்த்தேன்.
கீழ் ஓரம், ஒரு விரல் அளவு.
அவன் கால் அப்ப அங்கதான் நின்னுச்சு.
பச்சையும் இல்ல, வெள்ளையும் இல்ல,
அடுப்புச் சாம்பல்.
சோத்துப் பருக்கை வச்சுத் திரும்ப ஒட்டிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"அடுத்த சனிக்கிழமை நீங்கல்லாம்
எங்க வீட்டுக்கு வரணும்ல."

பூனை மேசைக்கடியில் இடம் மாறிப் படுத்தது.
கொஞ்ச நேரம் கழித்து ஜெயசீலன்,
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான்:
"அந்த நீலம்... அவனுக்கு எதுவரைக்கும் வரும்?"

குணாளன் தன் மீசைக்குக் கீழே
விரலை வைத்துக் காட்டினான்.

"மீசையா? மூக்கு வரைக்கும்தான்டா,"
என்றான் அப்பளசாமி.

இன்னொரு தே சொன்னோம்.